தில்லியில் ஒளிப்பதிவு பயிலும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் ஏ.ஜே.கே. மக்கள் தொடர்பு ஆய்வு மையம் தொடங்கி, தனியார் பயிற்சிப் பள்ளிகள், கல்லூரித் திரைப்படக் குழுக்கள் வரை, தலைநகரில் கேமராவைக் கையில் எடுத்திருக்கும் தமிழ் மாணவர்களை நோக்கி எழுதப்படும் இம்மடல் அவர்களிடம் வைக்கும் கோரிக்கை ஒன்றே: ஒவ்வொரு குறும்படத்தையும், ஒளி குறித்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு விடை தேடும் வேலையாக அமைத்துக்கொள்ள வேண்டும், இரண்டரை மணிநேரப் படத்தில் செய்ய ஆசைப்படும் அனைத்தையும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் திணித்துக் காட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். ஒளிப்பதிவு என்பது கேமராவை இயக்கும் கைத்திறனோடு முடிவதில்லை; வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு, எந்த நிறத்தில் விழ வேண்டும், லென்ஸ் எதைத் தெளிவாகவும் எதை மங்கலாகவும் பார்க்க வேண்டும், சட்டகத்துக்குள் எது வர வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும் என்னும் முடிவுகள் அனைத்தும் சேர்ந்ததே அது.

இன்றைய மாணவக் குறும்படங்களில் பெரும்பாலானவை எடுக்கப்படும் விதம் யாவரும் அறிந்ததே. வாடகைக்கு எடுத்த கேமரா இரண்டு நாள்தான் கையில் இருக்கும் என்பதால், அந்த இரண்டு நாளுக்குள் மொட்டைமாடியில் ஒரு மாலைக் காட்சி, கடைவீதியின் வண்ண விளக்குகளில் ஓர் இரவுக் காட்சி, ஸ்லோமோஷனில் ஒரு நடை, நடப்பவரின் அதிர்வைக் கேமராவுக்குக் கடத்தாத கிம்பல் என்னும் தாங்கியில் சந்துகளுக்குள் ஒரு நீண்ட ஓட்டம் என்று எல்லாம் எடுக்கப்படுகின்றன. படம் முடிந்ததும் அவற்றுள் நன்றாக வந்த எட்டுப் பத்து ஷாட்டுகளைக் கோத்து, வேலை கேட்டுச் செல்லுமிடத்தில் காட்டுவதற்கான ஷோரீல் தயாராகிறது. அந்த ஷோரீலால் வேலை கிடைப்பதும் உண்டு. ஆனால் ஒரு ஷாட் ஏன் நன்றாக அமைந்தது, அடுத்த ஷாட் ஏன் கெட்டது என்று கேட்டால் எடுத்தவருக்கே விடை தெரியாதபோது, அடுத்த படத்திலும் அதே சீட்டுக் குலுக்கல்தான் நடக்கிறது.

இதற்குக் குறும்படத்தைப் பற்றிய தமிழ்ச் சூழலின் பார்வையும் ஒரு காரணம். கலைஞர் தொலைக்காட்சியின் குறும்பட நிகழ்ச்சி கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றோரைத் திரையுலகுக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். எனினும் அதன் பெயர் ‘நாளைய இயக்குநர்’ என்பதாகத்தான் இருந்தது. ஒரு குறும்படம் இயக்குநரின் நுழைவுச்சீட்டாக மட்டும் கருதப்படும் இடத்தில், அதே படத்தில் ஒளிப்பதிவாளர் என்ன கற்றார் என்று கேட்க ஆளிருப்பதில்லை. அவரும் நாளடைவில் அதைத் தம்மிடமே கேட்டுக்கொள்வதை விட்டுவிடுகிறார்.

திரைப்படப் பள்ளிகள் இதை வேறு வகையாகவே தொடங்கின. 1960-இல் நிறுவப்பட்ட புனே திரைப்படக் கல்லூரியின் மாணவர்கள் முதலில் எடுப்பது தொடர்ச்சிப் பயிற்சி எனப்படும் வசனமற்ற சிறு காட்சி. ஒருவர் கதவைத் திறந்து வந்து, ஒரு பொருளைத் தேடி எடுத்துச் செல்வது போன்ற எளிய செயலைப் பல ஷாட்டுகளாகப் பிரித்து, பார்வையின் திசையும் வெளிச்சமும் முறியாமல் இணைப்பதே அதன் நோக்கம். அதன்பின் வசனப் பயிற்சி. பட்டயப் படம் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஃபிலிம் சுருளும் அக்காலத்தில் ஓர் ஆசிரியராகவே இருந்தது: 16 மி.மீ. அளவுள்ள 400 அடிச் சுருள், நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடமும், 100 அடிச் சுருள் மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவும் மட்டுமே ஓடும் என்பதால், பொத்தானை அழுத்துமுன் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. மெமரி கார்டு மணிக்கணக்கில் பதிவு செய்யும் இக்காலத்தில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. வேண்டுமானால் மாணவரே அதைத் தமக்கு விதித்துக்கொள்ளலாம்.

தமிழில் இதற்கு முன்னுதாரணம் தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, 1960களின் பிற்பகுதியில் புனேயில் ஒளிப்பதிவு பயின்றவர். அவருடைய பட்டயப் படத்தின் ஒளிப்பதிவைக் கண்டே ராமு காரியாத் தமது ‘நெல்லு’ (1974) படத்தை அவரிடம் ஒப்படைத்தார் என்று சொல்லப்படுகிறது. ‘கோகிலா’வுக்கும் ‘மூன்றாம் பிறை’க்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருதுகளைப் பெற்ற பின்னரும் அவர் சிறிய வடிவத்துக்குத் திரும்பி வந்தார் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது: தமிழ்ச் சிறுகதைகளை அடிப்படையாகக் கொண்டு ‘கதை நேரம்’ என்ற தலைப்பில் தொலைக்காட்சிக்காக அவர் உருவாக்கிய 52 குறும்படங்களில், சாதாரண வீடுகளின் சன்னலோர வெளிச்சத்தை நம்பி, குறைந்த விளக்குகளோடு, ஓரிரு மனிதர்களின் முகங்களைக் கூர்ந்து பார்க்கும் ஒரு கலைஞரின் அன்றாட உழைப்பு தெரிகிறது. அவற்றுள் எல்லாமே சிறந்தவை என்று சொல்வதற்கில்லை. ஐம்பத்திரண்டு முறை ஒரே வகைச் சிக்கலை எதிர்கொள்வது கையை எப்படிப் பண்படுத்தும் என்பதற்காகவே அவை வரிசையாகப் பார்க்கத்தக்கவை.

சுப்ரதா மித்ராவின் கதை இன்னும் நெருக்கமான பாடம். ழான் ரென்வார் ‘தி ரிவர்’ (1951) படத்தை வங்காளத்தில் எடுத்தபோது, அங்கே பார்வையாளராக மட்டும் நிற்க அனுமதி பெற்ற இந்த இளைஞர், விளக்குகள் வைக்கப்பட்ட இடம், நடிகர்களின் நகர்வு, கேமராவின் நிலை ஆகியவற்றைப் படம் வரைந்து குறிப்பேட்டில் எழுதிவைத்தார். திரைப்படக் கேமராவை இயக்கிய அனுபவமே இல்லாமல், 21 வயதில் ‘பதேர் பாஞ்சாலி’யின் ஒளிப்பதிவாளரானார். ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகக் காசி நகரத்து வீடொன்றின் முற்றம் ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போடப்பட்டபோது, திறந்த வானத்திலிருந்து நிழலின்றி இறங்கும் வெளிச்சத்தை ஸ்டுடியோ விளக்குகளால் எப்படிக் கொண்டுவருவது என்பது அவர்முன் நின்ற ஒரே கேள்வி. முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியின்மேல் அடித்து, அதிலிருந்து எதிரொளித்துப் பரவிய வெளிச்சத்தில் அவர் படமெடுத்தார். இன்று ‘பவுன்ஸ்’ என்று செட்டில் யாரும் யோசிக்காமல் சொல்லும் முறையை இந்தியத் திரையில் வேரூன்றச் செய்தது அந்தத் துணிதான். லைட்மேன்கள் தூக்கிப் பிடிக்கும் தெர்மாக்கோல் பலகையும் அதே வேலையைத்தான் செய்கிறது. முனிர்காவிலோ லக்ஷ்மி நகரிலோ ஒற்றைச் சன்னல் அறையில் குடியிருக்கும் மாணவர், வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்றை எதிர்ச்சுவரில் தொங்கவிட்டு, முகத்தின் நிழற்பக்கம் எவ்வளவு தூக்கலாகிறது என்று அளந்து பார்ப்பதற்கு வாடகைக் கேமராகூடத் தேவையில்லை.

தில்லியில் பயிலும் தமிழர் பெரும்பாலும் கவனியாமல் விடுவது இந்நகரின் வெயிலை. சென்னை வடக்கே 13 பாகை அட்சத்திலும் தில்லி 28.6 பாகையிலும் இருப்பதன் விளைவு, குளிர்காலத்தில் கண்கூடாகத் தெரியும். டிசம்பர் 21-ஆம் நாள் உச்சிப்பொழுதில் சென்னையில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 53 பாகையில் நிற்க, தில்லியில் 38 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரின் நிழல் அந்நேரத்தில் சென்னையில் நான்கு அடி என்றால் தில்லியில் ஏழு அடி. நண்பகலில் வெளிப்புறப் படப்பிடிப்பை நிறுத்திவிடும் பழக்கம் தெற்கில் உண்டானதற்குக் காரணம், தலைக்குமேல் நிற்கும் சூரியன் கண்குழிகளை இருட்டாக்கிவிடுவது. அப்பழக்கத்தை அப்படியே வடக்கே கொண்டுவரும் மாணவர், தில்லியின் குளிர்காலம் பகல் முழுதும் இலவசமாக வழங்கும் சாய்ந்த வெளிச்சத்தை, மதியச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்குமாகக் கைவிட்டுவிடுகிறார். மறுபுறம், அந்த டிசம்பர் 21-ஆம் நாளின் பகல் தில்லியில் பத்தேகால் மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடும். சென்னையைவிட ஒரு மணி நேரம் குறைவு. ஜூனில் நிலைமை தலைகீழாகி, தில்லிச் சூரியன் ஏறத்தாழ 85 பாகைக்கு உயர்ந்து, சென்னையைவிடவும் செங்குத்தாக நிற்கும். ஆக ஒரே தெருவில், ஒரே மனிதரை, ஒரே லென்ஸில் ஜனவரியிலும் ஜூனிலும் எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பதே போதிய பாடமாக அமையும். அதற்குக் கதை எழுதுவதுகூட அவசியமில்லை.

அந்த ஜூன் வெயில் கணக்கையும் கற்றுத்தரும். ஐ.எஸ்.ஓ. என்பது கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் எண். பல கேமராக்கள் தம் சிறந்த படத்தைத் தருவது ஐ.எஸ்.ஓ. 800-ஐ ஒட்டித்தான். ஷட்டர் ஒரு நொடியின் 50-இல் ஒரு பங்கு திறந்திருக்கும்போது, அப்பட்டமான வெயிலில் அந்த உணர்வு நிலைக்குச் சரியான லென்ஸ் துளை எஃப் 64 ஆகிறது. அத்தனை சிறிய துளை வீடியோ லென்ஸ்களில் கிடையாது. துளையை எஃப் 4 அளவுக்குத் திறந்து பின்னணியைச் சற்றே மங்கலாக்க வேண்டுமானால், நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்.டி. ஃபில்டர் எட்டு நிறுத்தங்கள், அதாவது 256-இல் ஒரு பங்காக ஒளியைக் குறைத்தாக வேண்டும். ஒரு நிறுத்தம் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது. இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த மாணவர் ஃபில்டரோடு படப்பிடிப்புக்குப் போவார். போடாதவர் ஷட்டர் வேகத்தை உயர்த்திச் சமாளிக்க, நடப்பவர்களின் அசைவு வெட்டி வெட்டித் தெரியும்.

மாணவக் குறும்படங்களில் மிகுதியாகக் காணப்படும் குறை இரவுக் காட்சிகளில்தான் வருகிறது. படப்பிடிப்பின்போது சிறிய திரையில் யாரும் கவனிக்காமல், எடிட்டிங் மேசையில் பெரிய திரையில் பார்க்கும்போது, சுவரின்மீது மேலிருந்து கீழாகக் கரும்பட்டைகள் உருண்டு செல்லும். இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை உச்சம் தொடுவதால், டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்பும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கேமராவின் ஷட்டர் 50-இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் ஒவ்வொரு சட்டகமும் முழுதாக இரண்டு துடிப்புகளைப் பெறுகிறது, பட்டை விழுவதில்லை. அமெரிக்க மின்முறைக்கேற்ப 60-இல் ஒரு பங்கு என்று ஆலையிலிருந்து வந்த அமைப்பை மாற்றாமல் விட்டால், ஒவ்வொரு சட்டகத்துக்கும் துடிப்பின் வெவ்வேறு துண்டு கிடைக்க, பட்டைகள் உருளத் தொடங்கும். நொடிக்கு 25 சட்டகம் என்பதைத் தேர்ந்தால் ஷட்டர் கோணம் 180 பாகை. சினிமாவின் 24 சட்டகமே வேண்டும் என்போர் கோணத்தை 172.8 பாகைக்கு அமைத்தால் அதே 50-இல் ஒரு பங்கு கிடைத்துவிடும். சாந்தினி சவுக்கின் பாகீரத் பேலஸ் மின்பொருள் சந்தையில் நான்கு வகை பல்புகளை வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் வெள்ளைச் சுவருக்கு எதிரே பத்து நொடி எடுத்துப் பார்க்கும் மாணவருக்கு, எந்த பல்பு துடிக்கிறது என்பது அதன்பின் மறக்காது.

அதே பல்புகளின் எதிரே ஒரு தமிழ் முகத்தையும் நிறுத்திப் பார்ப்பது நல்லது. விளக்கொன்று நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்னும் குறியீடு பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். 100 அதன் உச்சம். ஆனால் அந்த எண் எட்டு வெளிர்நிறங்களின் சராசரி மட்டுமே; அடர்சிவப்பு அக்கணக்கில் சேர்வதில்லை. பழுப்புத் தோலுக்கு உயிர் கொடுப்பது அதன் அடியிலிருக்கும் சிவப்பு என்பதால், பெட்டியில் 80 என்று போட்ட பல்பின்கீழ் மாநிற முகம் சாம்பல் பூத்துத் தெரியலாம். இதைச் சரிசெய்வதாக எண்ணிக் கூடுதல் வெளிச்சத்தைக் கொட்டி முகத்தை வெளுக்க வைப்பது தமிழ் சினிமாவின் பழைய வியாதி. குறும்படத்தில் அந்த வியாதிக்கு எந்தத் தயாரிப்பாளரின் கட்டாயமும் கிடையாது.

தில்லியில், ஒளியை ஒரு கேள்வியாகக் கொள்ளும் இவ்வழியே நடந்தவர்கள் யார் என்று பார்க்கும்போது ஜாமியாவின் மையம் முன்னே வருகிறது. 1982-இல், அப்போதைய துணைவேந்தர் அன்வர் ஜமால் கித்வாய், கனடாவின் ஆவணப்பட இயக்குநர் ஜேம்ஸ் பெவரிஜின் துணையோடு அதை நிறுவினார். அங்கே பயின்ற ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் ‘திம்பக்து’ என்னும் குறும் ஆவணப்படத்துக்குத் தேசிய விருது பெற்றார்கள். பின்னர் அவர்கள் இயக்கிய, உத்தரப் பிரதேசத்தின் கபர் லஹரியா பத்திரிகைப் பெண்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ (2021) ஆஸ்கர் பரிந்துரைவரை சென்றது. அப்படத்தில் கரண் தப்லியாலுடன் சேர்ந்து கேமராவைப் பிடித்தவர் இயக்குநர்களுள் ஒருவரான சுஷ்மித் கோஷே. அதே மையத்தின் முன்னாள் மாணவர் ஷௌனக் சென்னின் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ (2022), வசீராபாதில் காயம்பட்ட பருந்துகளுக்கு மருத்துவம் செய்யும் இரு சகோதரர்களைப் பற்றியது. பெஞ்சமின் பெர்ன்ஹார்டு, ரிஜு தாஸ், சௌம்யானந்த சாஹி ஆகியோர் ஒளிப்பதிவு செய்த அப்படத்தின் தொடக்க ஷாட்டில், இரவில், தரையோடு தரையாக மெல்ல நகரும் கேமரா, எலிகள் மொய்க்கும் நிலத்தையும் அதற்குப் பின்னால் வாகன விளக்குகள் விரைவதையும் ஒருங்கே காட்டுகிறது. கண் நிலையைவிட்டு இறங்கி, வேகத்தைக் குறைத்து, ஒரே திசையில் நகர்வது என்ற எளிய முடிவு மனிதர்களின் நகரத்தைப் பிற உயிர்களின் நகரமாக மாற்றிவிடுகிறது. நச்சுப்புகை ஒளியைச் சிதறடித்து மென்மையாக்குவதால் நவம்பரின் தில்லி திரையில் அழகாகவே தெரியும் என்பதும், அந்த அழகை மட்டும் அள்ளிக்கொண்டு போகும் குறும்படங்கள் ஆண்டுதோறும் வருகின்றன என்பதும், இப்படத்தைப் பார்த்தபின் சற்று உறுத்தும்.

சௌம்யானந்த சாஹியின் பெயர் தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு வகையிலும் உதவும். ரைசினா குன்றில் அரசுக் கட்டடங்களிலிருந்து குரங்குகளை விரட்டும் ஒப்பந்தத் தொழிலாளியின் கதையான ‘ஈப் ஆலே ஊ!’ (2019) படத்தை எடுத்தவரும், கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடை ஊழியரின் ஒரு நாளைச் சொல்லும் அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ (2020) படத்தை எடுத்தவரும் அவரே. முன்னதில் கேமரா தெருவின் குழப்பத்துக்குள் புகுந்து அலைகிறது. பின்னதில் 4:3 என்னும், ஏறத்தாழச் சதுரமான பழைய சட்டகத்துக்குள் அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து, ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஓர் ஒளிப்பதிவாளர் தம் பாணியைச் சுமந்து செல்லாமல் கதையிடம் கேட்டு முடிவெடுப்பது எப்படி என்பது விளங்கும்.

நடைமுறையில் சில தடைகள் உண்டு. தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள நினைவுச்சின்னங்களில் ட்ரைபாட் நிறுத்த முன்அனுமதி வேண்டும். மெட்ரோ நிலையங்களுக்குள்ளும் ரயில்களிலும் அனுமதியின்றிப் படமெடுக்க முடியாது. தலைநகரின் பெரும்பகுதியில் ட்ரோன் பறக்கக் கூடாது. இவற்றைச் சுற்றி வளைக்க வழி தேடுவதில் செலவாகும் நேரத்தில், சொந்த அறையின் சன்னலை ஒரு பருவம் முழுவதும் எடுத்துவிடலாம்.

எனவே வரும் குளிர்காலத்துக்கு ஒரு முன்மொழிவு. ஒருவர் சன்னலோரம் அமர்ந்து தேநீர் கலக்கிக் குடிக்கும் செயலை, காலை எட்டு, நண்பகல், மாலை நான்கரை என மூன்று வேளைகளில், ஒரே லென்ஸில், மூன்று நிமிடத்துக்கு மேற்படாமல் ஒவ்வொருவரும் எடுக்க வேண்டும். நேரம், வானிலை, லென்ஸ் துளை, ஐ.எஸ்.ஓ., வெண்சமநிலை, வைத்த அல்லது மறைத்த வெளிச்சம், எதிர்பார்த்தது, கிடைத்தது ஆகியவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும். வெண்சமநிலை என்பது எந்த வெளிச்சத்தைக் கேமரா வெள்ளையாகக் கொள்ள வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. அதைத் தானியங்கியில் விட்டால் மூன்று வேளைகளும் ஒரே நிறமாகிவிடும், ஆகவே 5600 கெல்வினில் நிறுத்திவைக்க வேண்டும். எடுத்த அனைத்தையும், வெட்டாத ரஷஸாகவே, பொங்கல் விடுமுறையை ஒட்டிய ஒரு மாலையில் ஒன்றுகூடிப் பார்க்கலாம்; 1946 முதல் இயங்கிவரும் தில்லித் தமிழ்ச் சங்கத்திடம் ஆர்.கே. புரத்தில் ஓர் அறை கேட்டுப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் யாருடைய வீட்டுச் சுவரும் போதும். இயக்குநர்கள் வந்து உட்காரத் தடையில்லை. படம் ஓடும்போது எடுத்தவர் விளக்கம் சொல்லக் கூடாது; முடிந்தபின் குறிப்பேட்டைப் படித்துக் காட்ட வேண்டும்.